"வர வேண்டாம்ல சார்?"

உப்புத்தண்ணி என்ற வார்த்தைதான் என்னைத் திசைதிருப்பிவிட்டது.

"சார், ஜூலி பையனோட ஸ்கூல் சாக்ஸை முழுங்கிட்டா. அரை மணி நேரம்தான் ஆகுது. உப்புத்தண்ணி கரைச்சு ஊத்தட்டுமா?"

ஞாயிறு இரவு ஒன்பதரைக்குக் கால்நடை மருத்துவரான எனக்கு வந்த போன் இது. "ஐயோ, அதை மட்டும் செஞ்சிடாதீங்கம்மா" என்று பதறினேன். உப்பு அதிகம் உள்ளே போய் வாந்தியும் வராவிட்டால் ரத்தத்தில் சோடியம் ஏறி, வலிப்பு வந்து நாய் செத்தே போகலாம். இதைப் பொறுமையாக விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன். அப்புறம், "விளையாடுறாளா? சரி, பார்ப்போம். வாந்தி எடுத்தாலோ சாப்பிடலைன்னாலோ கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"அப்ப இப்ப வர வேண்டாம்ல சார்?"

"வேண்டாம்மா."

"வரட்டுமா" என்று கேட்டிருந்தால் வரச் சொல்லியிருப்பேனோ என்னவோ. "வேண்டாம்ல" என்பதில் பாதி பதில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பழியை ஒரு "ல"வின் மேல் போட்டுத் தப்பிக்க முடியுமா?

விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் பொருள் பெரும்பாலும் இரைப்பையில்தான் இருக்கும். ஊசியோ பட்டன் பேட்டரியோ என்றால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, மேலே வரும்போது உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சாக்ஸோ வெறும் துணிதான். கிளினிக்கில் வாந்தி வரவைக்கும் மருந்து போட்டிருந்தால் வெளியே வந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

அதற்கு முந்தைய வருடம் ஒரு லேப்ரடார் இதே மாதிரி சாக்ஸை விழுங்கி, மறுநாள் மலத்தோடு தள்ளிவிட்டது. அந்தத் தைரியம்தான். அது முப்பது கிலோ. ஜூலி ஆறு கிலோ பொமரேனியன். தடுப்பூசி போட்டதே நான்தான், எடை எனக்குத் தெரியும்.

புதன்கிழமை தூக்கிக்கொண்டு வந்தார்கள். முந்தின நாளிலிருந்து வாந்தி. எக்ஸ்ரேயில் துணி தெரியாது, வாயு அடைத்து உப்பிய குடல்தான் தெரிந்தது. திறந்து பார்த்தால் ஒரு விரல் நீளத்துக்குக் குடல் கறுத்திருந்தது. வெட்டி இணைத்தேன். சாக்ஸின் நீலக் கோடுகூட வெளுக்கவில்லை.

வெளியே வந்து சொன்னபோது அந்த அம்மா, "அன்னிக்கே உப்புத்தண்ணி கொடுத்திருக்கணும் சார், நான்தான் விட்டுட்டேன்" என்று அழுதார். எனக்குக் கோபம் வந்தது. "கொடுத்திருந்தா அன்னிக்கே போயிருக்கும்" என்றேன். வாயை மூடிக்கொண்டார். உப்பைப் பற்றி நான் சொன்னதில் பெரிய தப்பில்லை, இப்போதும் அதையேதான் சொல்வேன். அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதை அவர் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் குரலை உயர்த்தினேனோ?

இப்போது யார் போன் செய்தாலும் "கிளம்பி வாங்க" என்கிறேன். போன மாதம் ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டோ பிடித்து வந்தார். மருந்து போட்டோம், வெறும் தயிர்சாதம்தான் வந்தது. காணாமல் போன சாக்ஸ் கட்டிலுக்கு அடியில் கிடந்ததாம். அவர் என்னைப் பார்த்த பார்வை! அதனால் இதுதான் சரியான வழி என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

தையல் விட்டுப்போக வாய்ப்புள்ள மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் எல்லாம் ஜூலி தாண்டிவிட்டாள். ஆறாம் நாள் வீட்டுக்குப் போனாள். கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தில், "3 நாள் முன்பு சாக்ஸ் விழுங்கியது" என்று இருக்கிறது. அன்று இரவு போன் வந்தது என்று எழுதவில்லை. அதற்குக் கீழே இரண்டு வரி இடம் காலியாகத்தான் இருக்கிறது.