விட்பியில் ஐந்து நாள், ஒரு கேமரா

ஜூன் 10, திங்கள்

விட்பி, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். மிடில்ஸ்பரோ நகரத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். காரில் வந்தால் சீக்கிரம் வந்துவிடலாம். ஆனால் எஸ்க் ஆற்றை இப்படியும் அப்படியுமாகத் தாண்டித் தாண்டி ஊர்ந்து வரும் இந்த ரயிலை விட எனக்கு மனசு வருவதில்லை.

இறங்கியதும் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மேற்குக் குன்றில், திமிங்கலத்தின் தாடை எலும்புகளை நட்டுவைத்த வளைவுக்கு முன்னால் வரிசையில் நின்றேன். இப்போது இருக்கும் எலும்புகள் அலாஸ்காவிலிருந்து வந்தவை. வளைவுக்குள் பார்த்தால் எதிர்க்குன்றின் தேவாலயமும் இடிந்த மடாலயமும் அளவெடுத்து வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும். எடுத்தேன். பதினொரு மணி வெயில் மடாலயத்துக்குப் பின்னாலிருந்து அடித்ததில் எல்லாம் கரிக்கட்டை.

சாயங்காலம் எட்டு மணிக்குத் திரும்பவும் போனேன். மடாலயத்தின் முகத்தில் அப்போதுதான் மஞ்சள் விழுந்தது. படம் பிரமாதமாக வந்தது. பக்கத்தில் நின்றவரின் போனிலும் அதே படம், அதே மஞ்சள்.

ஜூன் 11, செவ்வாய்

காலை நாலரைக்கே மேற்குத் துறைக் கரையில் இருந்தேன். இந்தக் கடற்கரை வடக்கு பார்த்தது. அதனால் ஜூனில் சூரியன் கடலில் உதித்து, கடலிலேயே மறையும். உதித்தது, எடுத்தேன். குளிரில் விரல் விறைத்துப்போய் பாதிப் படம் ஆடிவிட்டது.

அப்புறம் 199 படிகள். எனக்கு 197தான் வந்தது. பத்துப் படிக்கு ஒன்று சின்ன உலோக வட்டத்தில் ரோமன் எண் பதித்திருக்கிறார்கள், ஆனாலும் எண்ணிக்கை உதைக்கும். நடுநடுவே அகலமான திட்டுகளில் பெஞ்சு. நாம் மூச்சு வாங்குகிற இடமெல்லாம் ஒரு காலத்தில் சவப்பெட்டி தூக்கி வந்தவர்கள் இறக்கிவைத்துத் தோள் மாற்றிய இடங்கள். உச்சியில் புனித மேரி தேவாலயம், அதன் கல்லறைகள். உப்புக்காற்று கல்லை அரித்து, பல கற்களில் பெயரே இல்லை. தேன்கூடு மாதிரி குழிகள்தான். கிட்டப்போய் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸைக் கொண்டுவராததற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

மடாலயத்தை ஹில்டா என்ற துறவி 657-ல் நிறுவினார். இப்போது நிற்கும் கோதிக் சுவர்கள் அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. எட்டாம் ஹென்றி காலத்தில் மூடினார்கள், 1830-ல் நடுக்கோபுரம் சரிந்தது, 1914 டிசம்பரில் ஜெர்மன் கப்பல்கள் குண்டு போட்டன. இத்தனைக்குப் பிறகும் எந்தப் பக்கம் நின்றாலும் படத்துக்கு அம்சமாக நிற்கிறது. அதுதான் எனக்கு அலுப்பு. மோசமாக எடுக்கவே முடியாத ஒன்றை எடுத்து என்ன செய்வது?

ஜூன் 12, புதன்

ஒன்றும் தெரியவில்லை. இங்கே இதற்கு ஃப்ரெட் என்று பேர். வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த வடகடல் மேல் வரும்போது கிளம்பும் மூடுபனி. மடாலயம் இல்லை, தேவாலயம் இல்லை, பாலத்தின் அக்கரைகூட இல்லை. காலை முழுக்க அறையில் உட்கார்ந்து வானிலையைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பொறுக்காமல் வெளியே வந்து சர்ச் தெருவில் நடந்தேன். ஈரத்தில் உருளைக்கல் தரை மீன் செதில் மாதிரி மின்னியது. ஹென்ரியட்டா தெருவில் மூக்குதான் வழி காட்டியது: 1872-லிருந்து ஹெர்ரிங் மீனைப் புகைபோடும் ஃபார்ச்சூன்ஸ் கடை. உள்சுவரெல்லாம் தார் பூசியதுபோல் கறுத்திருக்கிறது. கூரையிலிருந்து வந்த புகை மேலே ஏற வழியில்லாமல் பனிக்குள்ளேயே தேங்கி நின்றது. எது புகை, எது பனி என்று கேமராவுக்கும் தெரியவில்லை. ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தது. கையால் திருகி, ஒரு ஓட்டுக்கூரையின் விளிம்பில் நிறுத்தினேன். இந்தப் பயணத்தில் எனக்கே எனக்கென்று வந்த முதல் படம் அதுதான்.

ஜூன் 13, வியாழன்

ஆர்க்யுமென்ட்ஸ் யார்டு. பேரைப் பார்த்ததும் யாரோ சண்டை போட்ட சந்து என்று நினைத்தேன்; ஆர்க்யுமென்ட் என்பது ஒரு குடும்பப் பேராம். கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். அந்த இடுக்கில் ஒரே ஒரு துண்டு துறைமுகம் தெரியும்.

பிற்பகல் பானெட் பூங்கா அருங்காட்சியகம். இந்த ஊரின் பழைய புகைப்படக்காரர் ஃபிராங்க் மெடோ சட்கிளிஃப் கடைசிக் காலத்தில் காப்பாட்சியராக இருந்தது இங்கேதான். வயிற்றுப்பாட்டுக்கு, கோடையில் வரும் பயணிகளை ஸ்டூடியோவில் உட்காரவைத்து எடுத்தவர். பேர் வாங்கித் தந்தது மீனவர்களும் தெருக்களும். 1886-ல் துறைமுகத் தண்ணீரில் அம்மணமாக விளையாடிய பையன்களை எடுத்தார். அந்தப் படத்துக்காக உள்ளூர்ப் பாதிரிமார் அவரைச் சபையைவிட்டே விலக்கிவைத்தார்களாம். பிற்பாடு ஏழாம் எட்வர்டு மன்னரான இளவரசர் அதையே பெரிதாக்கி வாங்கிக்கொண்டாராம்.

கண்ணாடித் தகடு, மரக் கேமரா. ஒரு தகட்டுக்கு ஒரு படம். நான் நேற்று மட்டும் 412 எடுத்திருக்கிறேன்.

ஜூன் 14, வெள்ளி

கடைசி நாள். 36 படத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று எனக்கு நானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். பத்து மணிக்குள் 30 தீர்ந்துவிட்டது. அதில் ஒன்று, என் கையிலிருந்த மீன் துண்டைப் பிடுங்கிக்கொண்டு போன கடற்காகத்தின் வால்.

துறைமுகச் சுவரில் பிள்ளைகள் நண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். கயிற்று முனையில் ஒரு துண்டு பன்றி இறைச்சி, பக்கத்தில் ஒரு வாளி. உள்ளங்கை அளவுகூட இல்லாத பச்சை நண்டுகள். பிடித்து, எண்ணி, திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். இதை அம்மாவிடம் சொன்னால் நம்பவே மாட்டாள்.

எட்டு வயதுப் பையன் ஒருவன் சுவர் மேல் குப்புறப் படுத்திருந்தான். சட்கிளிஃப் யாரைக் கேட்டாரோ, நான் அவன் அப்பாவைக் கேட்டேன். அவர் என்னையும் கேமராவையும் ஒரு நிமிஷம் பார்த்தார். "முகம் விழாம எடுங்க, எடுத்ததைக் காட்டுங்க" என்றார். சரி என்றேன். கயிற்றைப் பிடித்த கை, ஈரச் சட்டைக் கை, வாளியின் விளிம்பு. காட்டினேன். தலையாட்டிவிட்டு, "வாளிக்குள்ள எடுக்கலையா?" என்றார்.

எடுத்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு, குமிழி விட்டுக்கொண்டு கிடந்தன. கேமராவில் இன்னும் மூன்று பாக்கி. ரயிலுக்கு இருபது நிமிஷம்.

"பதினேழு!" என்று கத்திவிட்டுப் பையன் சரிவுப் பாதைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பின்னாலேயே ஓடினேன். கவிழ்த்தான். பதினேழும் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து தண்ணீருக்கு ஓடின. ஷட்டர் முப்பதில் ஒரு பங்கு வினாடியிலேயே இருந்ததை நான் கவனிக்கவில்லை. மூன்றிலும் நண்டே இல்லை, ஈரக்கல் மேல் பச்சைக் கோடுகள்தான்.