'பார்' என்று தொடங்கும் பாடம் யாருக்கு?

"வலது பக்கம் பார், இடது பக்கம் பார், மீண்டும் வலது பக்கம் பார்த்துவிட்டுச் சாலையைக் கட." பள்ளிச் சுவரில் இருக்கும் இந்த வரியை அப்படியே பிரெயிலில் அச்சிட்டுக் கொடுப்பதால் பார்வையற்ற மாணவருக்கு ஒரு பயனும் இல்லை. எந்தப் புலனை நம்பி அவர் முடிவெடுக்கிறாரோ, அங்கிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஒரே விளக்கப்படம் எல்லாருக்கும் போதாது.

பார்வையற்றவருக்கு முதல் பயிற்சி நேராக நடப்பது. பள்ளி மைதானத்தில் 7 மீட்டர் இடைவெளியில் இரண்டு சணல் கயிறுகளை நீளமாகப் போட்டு, மேலே அகலமான டேப் ஒட்டுங்கள். காலாலும் கோலாலும் உணரலாம். ஒரு கயிற்றிலிருந்து மறு கயிற்றுக்கு நடக்கவிட்டால், எந்தப் பக்கம் விலகுகிறார் என்பது தெரிந்துவிடும். தெருவுக்கு வந்தபின், நடைபாதை விளிம்புக்கு நேராகப் பாதங்களை வைக்கச் சொல்வது வழக்கம். தெருமுனையில் இது ஆபத்து. அங்கே விளிம்பு வளைந்திருக்கும். அதை நம்பி நடந்தால் சந்திப்பின் நடுவில் போய் நிற்பார். முனையிலிருந்து சற்றுத் தள்ளி நின்று கடக்கப் பழக்குங்கள்.

அடுத்தது கேட்பது. இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். வண்டிச் சத்தம் கேட்ட நொடியில் மாணவர் கை தூக்கட்டும். அந்த வண்டி அவரைத் தாண்டும்வரை ஆசிரியர் நொடிகளை எண்ணட்டும். சாலையைக் கடக்க 8 நொடி ஆகிறது, சத்தமோ 5 நொடிக்கு முன்னால்தான் கேட்கிறது என்றால், அந்த இடம் காதை நம்பிக் கடக்கும் இடமல்ல. வேறு இடம் தேட வேண்டும், அல்லது உதவி கேட்க வேண்டும். இதை வெவ்வேறு நேரங்களில் செய்து பாருங்கள். மழை, ஜெனரேட்டர், இப்போதுதான் தாண்டிப்போன பேருந்தின் இரைச்சல் என ஒவ்வொன்றும் அடுத்த வண்டியை மறைக்கும். மின்சார ஸ்கூட்டர் பக்கத்தில் வந்தபிறகே கேட்கும்.

உதவி கேட்பதும் பாடம்தான். பலர் கையைப் பிடித்து இழுத்துப் போவார்கள். "இழுக்காதீங்கண்ணா, உங்க முழங்கைக்கு மேல நான் பிடிச்சுக்கிறேன்" என்று குரலெடுத்துச் சொல்லப் பழக்குங்கள்.

காது கேளாத மாணவருக்கு ஹாரன் பயன்படாது என்பதை எல்லாரும் அறிவோம். சைகையில் பேசிக்கொண்டே நடக்கையில் கண் சாலையை விட்டுப் போய்விடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விளிம்பை அடைந்ததும் கைகள் ஓய வேண்டும், பேச்சு மறுபக்கம் சேர்ந்த பிறகு. நடைபாதை இல்லாத சாலையில் வண்டிகள் எதிரே வரும்படி வலப்பக்கம் நடக்கட்டும். ஒரு காதில் மட்டும் கருவி அணிந்தவருக்குச் சத்தம் வந்தாலும் திசை பிடிபடாது. அவரும் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தையின் தலை, நிறுத்தியிருக்கும் காரின் கூரையைவிடத் தாழ்வாக இருக்கும். இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து வந்தால் ஓட்டுநருக்குத் தெரியாது. காத்திருக்கும்போது பிரேக் போட்டே ஆக வேண்டும். மழைநீர் வடிய விட்டிருக்கும் சரிவு நாற்காலியைச் சாலைக்குள் உருட்டிவிடும்.

ஊன்றுகோலில் நடப்பவரின் நேரத்தை அளந்துகொள்ளுங்கள். 7 மீட்டர் சாலைக்கு 14 நொடி ஆகிறது என்று வையுங்கள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அதற்குள் ஏறத்தாழ 155 மீட்டர் வந்துவிடும். அந்தத் தூரத்தைச் சாலையில் நடந்து அளந்து, அங்கே தெரியும் கடையையோ மரத்தையோ அடையாளம் காட்டுங்கள்: "அதுக்கு இந்தப் பக்கம் வண்டி இருந்தா இறங்கக்கூடாது." தூரத்தில் வரும் வண்டி வேகமாக வருவதாகத் தோன்றினாலும் இறங்க வேண்டாம்.

அறிவுசார் குறைபாடுள்ள குழந்தை வகுப்பறைப் பாயில் வரைந்த ஜீப்ரா கோட்டில் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, தெருவில் நிற்காமல் நடக்கலாம். அவருக்குப் பாயும் தெருவும் வேறு வேறு. வீட்டருகே அவர் தினமும் கடக்கும் ஒரே இடத்தில், அதே நான்கு சொற்களில் பழக்குங்கள்: நில், பார், காத்திரு, போ. வீட்டிலும் பள்ளியிலும் சொற்கள் மாறக்கூடாது.

தேர்வு வைக்கும்போது விதியை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் நின்று, மாணவரைக் கடக்கவிடாமல், "இப்போ போகலாம்" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். தவறான நேரத்தில் சொன்னால், என்ன கேட்டது, என்ன தெரிந்தது என்று விசாரியுங்கள். அடுத்த வகுப்பில் எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பதிலில் இருக்கும்.