காற்று முள் சரியாக இருந்தும் பிரேக் பிடிக்காத லாரி

ஏர் பிரேக் உள்ள லாரியில் காற்று தீர்ந்துவிட்டால் வண்டி நிற்காமல் ஓடிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பல ஆண்டுகள் ஸ்டீயரிங் பிடித்தவர்களே இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை இதற்கு நேர்மாறானது. காற்று இறங்க இறங்கப் பின் சக்கரங்கள் தாமாகவே இறுகத் தொடங்கும். காற்று இல்லாத லாரியை ஓட்டிச் செல்வதுதான் கடினம்.

பின் சக்கர பிரேக் சேம்பரை அருகே நின்று பார்த்தால் காரணம் விளங்கும். ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திய இரண்டு டப்பாக்கள் போல அது இருக்கும். ஓர் அறையில் டயாப்ரம் என்னும் ரப்பர் தகடு இருக்கிறது. பெடலை மிதிக்கும்போது வரும் காற்று அதைத் தள்ளுகிறது. மற்ற அறையில் தடித்த சுருள் ஸ்பிரிங் ஒன்று, வண்டி ஓடும் நேரமெல்லாம் காற்றின் அழுத்தத்தால் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஹேண்ட்பிரேக் போடுவது என்றால் அந்த அறையின் காற்றை வெளியே விட்டு, ஸ்பிரிங்கை விரிய விட்டு பிரேக்கைப் பிடிக்க வைப்பதுதான். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஏர் ஏறும் வரை காத்திருக்க வேண்டியிருப்பதும் இதனால்தான். வண்டிக்கு வண்டி சற்று மாறினாலும், 4 முதல் 5 பார் அளவுக்குக் கீழே அழுத்தம் இறங்கினால் எச்சரிக்கை விளக்கு எரியும். அதற்கும் கீழே போனால் ஸ்பிரிங் மெல்ல மெல்லத் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

இந்த யோசனையின் வேர் ரயிலில் இருக்கிறது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் உருவாக்கிய முதல் ஏர் பிரேக்கில், குழாய் அறுந்தால் பிரேக்கும் போய்விடும். சில ஆண்டுகளிலேயே அவர் அதைத் தலைகீழாக மாற்றி, குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும்படி அமைத்தார். டிரெய்லரின் சப்ளை ஹோஸ் பிய்ந்துபோனால் டிரெய்லரின் சக்கரங்கள் உடனே இறுகுவதும் அதே அறிவின் பயன்தான்.

மற்ற பாகங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இன்ஜினால் இயங்கும் கம்ப்ரசர் காற்றை அழுத்துகிறது. சுமார் 8 பார் ஏறியதும் கவர்னர் என்னும் வால்வு அதை நிறுத்துகிறது. அப்போது ஏர் டிரையர் ஈரத்தைப் ‘புஸ்’ என்று வெளியே தள்ளும் ஓசையை எல்லோரும் கேட்டிருப்போம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி டேங்க், தனித்தனிக் குழாய். ஒன்று ஒழுகினாலும் மற்றது வண்டியை நிறுத்தும். பெடலிலிருந்து பின்பக்கம் போகும் காற்று பிரேக்கை நேரடியாகப் பிடிப்பதில்லை. ரிலே வால்வுக்குச் சேதி மட்டும் சொல்கிறது, அந்த வால்வு பக்கத்து டேங்கிலிருந்து சேம்பருக்குக் காற்றைத் திறந்துவிடுகிறது. இவ்வளவு இருந்தும், மிதித்த கணத்துக்கும் பிடிக்கும் கணத்துக்கும் இடையே அரை வினாடி அளவுக்குத் தாமதம் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை வினாடிக்குள் லாரி 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடும்.

இனி, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். டிரம் பிரேக் உள்ள லாரிகளில் சேம்பரிலிருந்து நீளும் புஷ் ராட், ஸ்லாக் அட்ஜஸ்டர் என்னும் நெம்புகோலைத் திருப்ப, அது எஸ் வடிவத் தலை கொண்ட கேம் என்னும் தண்டைச் சுழற்றி, பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. 30 சதுர அங்குல சேம்பரில் 7 பார் காற்று ஏறத்தாழ 1,380 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தரும். ஆனால் ஷூவின் மேல் டிரம்மோடு உரசும் லைனிங் தேயத் தேயப் புஷ் ராட் கூடுதல் தூரம் நகர வேண்டியிருக்கிறது. அதன் மொத்த ஓட்டம் இரண்டரை அங்குலம்தான். கடைசி அரை அங்குலத்தை நெருங்கும்போது விசை மளமளவென்று குறைகிறது. சேம்பரின் சுவரில் முட்டி நின்றுவிட்டால் எவ்வளவு காற்று கொடுத்தாலும் ஷூவுக்கு எதுவும் போய்ச் சேராது. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரிந்தால் இந்தத் தூரம் இன்னும் கூடும். அந்த நேரத்தில் காற்று முள் நிறைந்தே இருக்கும், எச்சரிக்கை விளக்கும் எரியாது. ஸ்பிரிங்காவது காப்பாற்றும் என்றால், அதுவும் அதே புஷ் ராடைத்தான் தள்ளியாக வேண்டும்.

வேலை பழகிய நாட்களில் மூத்த மெக்கானிக் ஒருவர் என்னை வண்டிக்கு அடியில் படுக்க வைத்து இதைக் காட்டினார். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஏர் நிரப்பி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்ட பின், புஷ் ராட் சேம்பரை விட்டு வெளியே வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மேலே ஒருவர் பெடலை முழுதாக மிதித்துப் பிடிக்க, கோடு என் கண்ணெதிரே இரண்டு அங்குலத்தைத் தாண்டிப் போய் நின்றது. மேலே சொன்ன 30 சதுர அங்குல வகைச் சேம்பருக்கு வரம்பே இரண்டு அங்குலம்தான். அந்த வண்டி அன்று காலை வரை சுமை ஏற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநருக்குப் பெடலில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஹைட்ராலிக் பிரேக்கில் தேய்மானம் சில சமயம் காலுக்குத் தெரிந்துவிடும். ஏர் பிரேக்கில் பெடல் என்பது ஒரு வால்வு மட்டுமே என்பதால் அது அநேகமாக எதையும் சொல்லாது.

லைனிங் தேய்வதற்கேற்பப் புஷ் ராடின் தூரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஸ்லாக் அட்ஜஸ்டர்கள் வந்த பிறகு இந்தச் சோதனை தேவையில்லை என்று நினைப்பது பெரும் தவறு. அத்தகைய அட்ஜஸ்டர் இருந்தும் கோடு வரம்பைத் தாண்டுகிறது என்றால், அட்ஜஸ்டரோ, கேமைத் தாங்கும் புஷ்ஷோ, வேறு ஏதோ பழுதாகியிருக்கிறது. ஸ்பேனரால் இறுக்கிவிட்டு அனுப்பினால் சில நாட்களுக்குச் சரியாக இருப்பது போலத் தெரியும். பழுது அப்படியே இருப்பதால் புஷ் ராட் மறுபடியும் பழைய தூரத்துக்கே வந்து நிற்கும்.