கண்வலிப் பூவும் என் ஆசிரியர்களும்

திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் கண்வலிக் கிழங்கு வெள்ளாமை. பூக்கிற காலம் வந்தால், பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு மணி நேரம் பந்தலுக்குள் நிற்க வேண்டும். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில், அதாவது பெண் உறுப்பின் நுனியில், தடவுவதுதான் வேலை. விரல் நுனியெல்லாம் மஞ்சளாகிவிடும். தடவாவிட்டால் காய் சரியாகப் பிடிக்காது, காய் பிடிக்காவிட்டால் விதை இல்லை, விதைதான் காசு. அதற்கு மேல் நான் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை.

இப்போது பி.எஸ்சி. தாவரவியல் மூன்றாம் ஆண்டு. தினமும் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். இந்தக் கல்லூரியில் அதே பூவை ஆளுக்கொரு பக்கமிருந்து எனக்குக் காட்டினார்கள்.

முதலில் தமிழ் ஐயா. இரண்டாம் ஆண்டில் குறிஞ்சிப்பாட்டு நடத்தினார். தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவித்த 99 பூக்களின் பெயரையும் புத்தகத்தைப் பார்க்காமல் சொன்னார். அந்தப் பட்டியலில் முதல் பூ செங்காந்தள். அது எங்கள் கண்வலிப் பூ என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கார்த்திகை இன்னும் முடியவில்லை. மறுநாள் காலையில் டிபன் பாக்ஸில் ஈரத்துணி விரித்து நான்கு பூக்கள் கொண்டுபோனேன். ஐயா சென்னையில் பிறந்து வளர்ந்தவர். "இத்தனை வருஷமா நடத்துறேன், படத்துலதான் பார்த்திருக்கேன்" என்றார். ஒரு பூவைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போய்க் காட்டினார். அன்று மேற்கொண்டு பாடம் நடக்கவில்லை.

ஆங்கில மேடம் இரண்டே வாரத்தில் அறுபது பேரின் பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதால்தான் நான் வாயையே திறந்தேன்.

துணைப்பாடம் வேதியியல். அந்த சாரைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பழைய நோட்டைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம். ஆல்கலாய்டுகள் என்ற தாவர வேதிப்பொருள்கள் வந்தபோது, கால்கிசின் என்ற மருந்துப் பொருளும் இதில்தான் சேருமா என்று கேட்டேன். எங்கள் விதையை அதற்காகத்தான் வாங்குகிறார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். "சிலபஸ்ல இல்ல, உட்காரு" என்றார். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான் எதுவுமே கேட்கவில்லை. ஒரு 'ஆமாம்' போதுமாக இருந்தது எனக்கு.

வகைப்பாட்டியல் மேடம் அப்படியே நேர்மாறு. பிளேடும் பூவும் கையில் கொடுத்துவிட்டு, "நான் சொல்ல மாட்டேன், நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்பார். ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள், மூன்று அறைச் சூலகம், கொடியாகப் பற்றி ஏற இலை நுனியிலேயே சுருள். பெந்தம் ஹூக்கரின் பழைய வகைப்பாட்டு முறையில் லில்லியேசி குடும்பம், இப்போது கால்கிகேசி. இதெல்லாம் நோட்டில் ஏறியது. அப்புறம் சூல்முடியைத் தாங்கும் தண்டைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார்: "சூல்தண்டு ஏன் அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்கு?" பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சூல்முடி மகரந்தப் பைகளிடமிருந்து விலகி நிற்கிறது. சொந்த மகரந்தம் சுலபமாக அதன்மேல் விழாது. பூச்சி வர வேண்டும், இல்லாவிட்டால் கை வர வேண்டும். பத்து வருடமாக நான் செய்துவந்த வேலைக்கான காரணம் அந்த வளைவில் இருந்தது. மேடத்திடம் பதில் சொல்லும்போது குரல் நடுங்கியது.

இந்த ஆண்டு செல்லியல் சார். வெங்காய வேர் நுனியைச் சாயமேற்றி நசுக்கி, குரோமோசோம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்கோல் இழைகளைக் கால்கிசின் உருவாகவிடாது, அதனால் குரோமோசோம்கள் பிரிந்து போக முடியாமல் ஒரே செல்லில் இரட்டிப்பாகிவிடும் என்று விளக்கிவிட்டு, "இது நம்ம பக்கம் எந்தச் செடியில கிடைக்குது?" என்றார். கை தூக்கினேன். "நீயே வந்து சொல்லு" என்று சாக்பீஸைக் கொடுத்துவிட்டுக் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

பூவைப் போர்டில் வரைந்தேன், மடங்கிய சூல்தண்டோடு. கிழங்கு நடுவது, பந்தல், காலையில் மகரந்தம் தடவுவது எல்லாம் சொன்னேன். சார் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவர், "ஏக்கருக்கு எவ்வளவு கிழங்கு வேணும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

ராத்திரி அப்பாவிடம் கேட்டேன்.

"ஆருக்கு கண்ணு?"

"எங்க சாருக்குங்கப்பா. அவரு நோட்டுல எழுதிக்கிறாருங்க."

அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "அப்படின்னா மொதல்ல இருந்து சொல்றேன், எழுதிக்க" என்றார்.