டைல்ஸுக்கு அடியில் போகும் கம்பியை மூன்று முறை அளந்த கதை

கனடாவின் மிசிசாகாவில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் குளியலறைத் தரையில் மின்சூடேற்றி ஒன்று ஏற்கெனவே இருந்தது. சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டின் விளக்கு ஒளிர்ந்தது; ஆனால் ஜனவரி மாதக் காலையில் கால் வைத்தால் தரை சில்லிட்டுக் கிடந்தது. பிரேக்கரை அணைத்து, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, தரையிலிருந்து வரும் இரண்டு வயர்களுக்கு நடுவே மல்டிமீட்டரின் முனைகளை வைத்தபோது திரையில் ‘ஓ.எல்.’ என்ற எழுத்துகள் மட்டுமே வந்தன; அதாவது, இரண்டுக்கும் நடுவே மின்சாரம் போக வழியே இல்லை. அந்தச் சூடேற்றி முழுவதும் ஒரே நீளக் கம்பி என்பதால், எங்கோ ஓரிடத்தில் அறுந்தாலும் மொத்தத் தரையும் செத்துவிடும். எப்படியும் டைல்ஸை மாற்றுவதாக இருந்தோம். ஆகவே பெயர்த்துவிட்டு, சூடேற்றும் கம்பி பதித்த புதிய பாய் விரிப்பது என்றும், இம்முறை ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து எழுதிவைப்பது என்றும் முடிவு செய்தேன்.

நாங்கள் வாங்கிய பாய் 30 சதுர அடி, 120 வோல்ட், 360 வாட். வோல்ட்டின் இருமடியை வாட்டால் வகுத்தால் கம்பியின் மின்தடை, அதாவது மின்சாரத்தை அது எதிர்க்கும் அளவு, கிடைக்கும்: 14,400ஐ 360 ஆல் வகுக்க 40 ஓம். பாயின் சீட்டிலும் அதே எண்தான் இருந்தது. அதற்கு 5 சதவீதம் கீழும் 10 சதவீதம் மேலும் போகலாம் என்று குறிப்பேட்டில் கண்டிருந்ததால், 38 முதல் 44 ஓம் வரை எதுவானாலும் சரி. அளப்பதற்கு முன் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தேன். அதன் வயர்களுக்கே 0.3 ஓம் இருந்தது. பெட்டியைப் பிரித்தவுடன் எடுத்த முதல் அளவு 40.6, அந்த 0.3ஐக் கழித்தால் 40.3.

பலர் இந்த ஓர் அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது என்பதே என் உறுதியான கருத்து. கம்பியின் நடுவில் சூடாகும் உலோக இழை, அதன்மேல் மின்காப்பு, அதைச் சுற்றி எர்த்துடன் இணையும் உலோகப் பின்னல், அதற்கும் வெளியே ஓர் உறை என்று அடுக்குகள் இருக்கின்றன. இரு வயர்களுக்கிடையேயான அளவு இழை அறுபடவில்லை என்பதை மட்டுமே சொல்லும். மின்காப்பில் கீறல் விழுந்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. அதற்கு ஒவ்வொரு வயருக்கும் எர்த் பின்னலுக்கும் இடையே தனித்தனியாக அளக்க வேண்டும். அங்கே ‘ஓ.எல்.’ வருவதுதான் நல்ல செய்தி. இந்த அளவின்போது இரு முனைகளின் உலோகத்தையும் விரல்களால் பிடிக்கக் கூடாது. பிடித்தால் நம் உடம்பின் மின்தடையே திரையில் வந்து, இல்லாத குறையை இருப்பதாகக் காட்டும்.

பாயை விரித்து, டைல்ஸ் ஒட்டும் சாந்தை மேலே பூசி முடித்த கையோடு இரண்டாம் முறை அளந்தேன். வயர்களுக்கிடையே அதே 40.3 ஓம், மாற்றமே இல்லை. ஆனால் ஒரு வயருக்கும் பின்னலுக்கும் நடுவே ‘ஓ.எல்.’ வரவில்லை, சில நூறு கிலோ ஓம் காட்டியது. விரல்களை எடுத்துவிட்டு, முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தபோதும் அதேதான். சாந்து இன்னும் ஈரமாக இருந்ததால் கையால் விலக்கித் தேட முடிந்தது. கழிப்பறைப் பீங்கான் பொருந்தும் வளையத்தருகே, வழிந்த சாந்தை நான் இரும்புக் கரண்டியால் வழித்த இடத்தில், பின்னலையும் தாண்டி ஒரு வெட்டு இருந்தது. ஈரச் சாந்து அந்த வெட்டுக்குள் புகுந்து மின்சாரத்துக்கு வழி அமைத்திருந்தது. பிளாஸ்டிக் கரண்டியை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று சொல்வதன் காரணத்தை அன்று கண்ணால் கண்டேன்.

இதை நினைத்தால் இன்றும் பதறுகிறது. நான் மறுநாள் அளந்திருந்தால், ஈரம் காய்ந்து, மல்டிமீட்டர் ‘ஓ.எல்.’ என்று காட்டியிருக்கக்கூடும். அது சோதிப்பது சில வோல்ட்டில்தான். அந்த அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும் பழுது 120 வோல்ட்டில் தலைதூக்கலாம். ஆகவே உரிமம் பெற்ற மின்பணியாளரை வரவழைத்து, அதற்கென உள்ள இணைப்புப் பொருள்களைக் கொண்டு வெட்டுப்பட்ட இடத்தைச் சரிசெய்த பின், 500 வோல்ட் கொடுத்து மின்காப்பைச் சோதிக்கும் மெகர் கருவியால் பார்க்கச் சொன்னேன். 500 மெகா ஓமுக்கு மேல் வந்த பிறகே டைல்ஸ் பதித்தோம்.

தரையின் வெப்பத்தை அறியும் உணரியையும் மறந்துவிடக் கூடாது. பெரும்பாலானவை 25 டிகிரி செல்சியஸில் 10 கிலோ ஓம் காட்டுபவை. குளிர்ந்தால் எண் ஏறும், 20 டிகிரியில் ஏறத்தாழ 12 கிலோ ஓம் இருக்கும். உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் எண் இறங்குவதைப் பார்த்தே உணரி உயிரோடிருப்பதை அறியலாம். அதைக் கம்பியின் இரு வரிசைகளுக்குச் சரி நடுவில், ஒரு குழாய்க்குள் வைத்தேன். பின்னாளில் கெட்டால் உருவி மாற்றிக்கொள்ளலாம்.

டைல்ஸ் பதித்தபின் எடுத்த மூன்றாம் அளவு 40.4, எர்த்துக்கு இரு வயர்களிலும் ‘ஓ.எல்.’, மெகரிலும் முந்தைய நிலையே. 5 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் பாதுகாப்பு தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கிறது. அதைப் பொருத்தி இணைக்கும் பணியை அதே மின்பணியாளரிடம் விட்டேன். சாந்து முழுமையாக இறுகுவதற்கு 28 நாட்கள் காத்திருந்து முதன்முறையாக மின்சாரம் கொடுத்தபோது, வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 3 ஆம்பியர் காட்டியது. மூன்று அளவுகளையும் தேதியோடு எழுதிய தாளும், டைல்ஸ் மூடும் முன் அளவு நாடாவை வைத்து எடுத்த தரைப் படங்களும் இப்போது பிரேக்கர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கின்றன.