சிங்க்கில் துருக்கறை: எது போகும், எது போகாது

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க்கில் பழுப்புப் புள்ளி தெரிந்தால், எதையும் ஊற்றும் முன் நகத்தால் வருடிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய துரு, முழுக்கப் போய்விடும். நகம் பொடிக்குழியில் இடறினால் ஸ்டீலே அரித்திருக்கிறது. அங்கே நிறம்தான் போகும், குழி போகாது. கொஞ்ச நாளில் அதே இடம் மறுபடி பழுப்பேறும்.

வேலூர்ப் பக்கம் பார்த்தவரை பெரும்பாலும் முதல் வகைதான். ராத்திரி ஈரத்தோடு சிங்க்கில் விட்ட இரும்பு தோசைக்கல், அரிவாள்மணை, கம்பி நார் உதிர்த்த தூள், இவைதான் காரணம். புது வீடென்றால் கிரில் அறுத்த இரும்புத் தூள் வந்து படியும். டைல்ஸ் கழுவும் ஆசிட்டை சிங்க்கில் ஊற்றக்கூட வேண்டியதில்லை, ஜன்னல் சாத்திய வீட்டில் அதன் புகை பட்டாலே துரு வரும்.

சிங்க்குக்கு வழக்கமாகப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகையான 304 கிரேடில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8. குரோமியம் காற்றுப்பட்டு மேலே ஒரு மெல்லிய படலம் போடும். ஸ்டீலைக் காப்பது அதுதான். அதை உடைப்பது உப்பில் இருக்கும் குளோரைடு. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் கழிவால் போர் தண்ணியில் உப்பு ஏறிய இடங்கள் நிறைய. அந்தத் தண்ணி தேங்கிக் காயும்போது உப்பு அங்கேயே செறியும். சிங்க்கில் ரப்பர் மேட் போட்டால் அதன் அடியில்தான் முதலில் அரிக்கும். கடையில் காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி 304 என்பார்கள். நிக்கல் குறைந்த 202-லும் காந்தம் ஒட்டாது, அதை நம்ப வேண்டாம்.

மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் சிட்ரிக் ஆசிட் கிடைக்கும். கால் லிட்டர் வெந்நீரில் மூன்று டீஸ்பூன் கரையுங்கள். சிங்க்கை சோப்பு போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். பிசுக்கு இருந்தால் கரைசல் கறையைத் தொடாது. டிஷ்யூ பேப்பரைக் கரைசலில் நனைத்துக் கறைமேல் ஒட்டுங்கள். பக்கச் சுவரிலும் வழியாமல் நிற்கும். அரை மணி நேரம், காயவிடாமல். பிறகு ஆப்ப சோடாவைத் தண்ணி விட்டுக் குழைத்து, மெத்தென்ற ஸ்பாஞ்சால் ஸ்டீலில் தெரியும் கோடுகளின் போக்கிலேயே தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் நிரந்தரம். நன்றாக அலசி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். மிச்சமிருந்தால் பேப்பர் ஒட்டுவதை இன்னொரு முறை செய்யலாம். அழுத்தித் தேய்ப்பதால் பலனில்லை.

மேடை கடப்பாக்கல் என்றால் கரைசல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது சுண்ணாம்புக்கல், புளிப்பு பட்ட இடம் வெளுத்து மங்கும்.

எலுமிச்சம்பழத்தை உப்பில் தொட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். துரு போகும்தான், ஆனால் உப்பே குளோரைடு. பாத்ரூம் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சிங்க் பக்கமே வரக்கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைக்கும்.

தண்ணி வடியும் ஜாலியைச் சுற்றி மட்டும் வளையமாகத் துரு வந்தால் சிங்க்கைத் தேய்த்துப் பயனில்லை. பெரும்பாலும் அது வேஸ்ட் கப்ளிங்கின் (சிங்க்கின் வடிகால் ஓட்டையில் மாட்டும் பாகம்) மட்டமான திருகிலிருந்து கசிவது. கப்ளிங்கை மாற்றும்போது ரப்பர் வாஷரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதையே திரும்ப மாட்டினால் அடியில் சொட்டும்.