பசியாறிட்டியா?

பாட்டியிடம் பழைய மைலோ டின் ஒன்று இருக்கிறது. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை அதில் போட்டுவிடுவார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு, தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்து 20 வருடம் ஆகிறது. விளிம்பு துருப்பிடித்த அந்த டின்னும் கூடவே வந்துவிட்டது.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அவருக்கு ஐந்து வயது. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்றே வளர்ந்தவர். இன்றும் கிழங்கு வேகும் வாசம் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

உணர்ச்சி ஒருவர் மனசுக்குள் அடைந்து கிடப்பதில்லை, ஆட்களுக்கிடையே சுற்றி வந்து உடல்கள்மேலும் பொருள்கள்மேலும் ஒட்டிக்கொள்கிறது என்று பெண்ணிய அறிஞர் சாரா அகமது 2004-இல் எழுதினார். படித்ததும் அந்த டின்தான் கண்ணில் வந்து நின்றது. பாட்டியின் பயம் அந்தத் தகரத்தில் ஒட்டியிருக்கிறது. அப்புறம் அம்மாவிடம். இப்போது என்னிடமும். ஒரு நாளும் பட்டினி கிடக்காத எனக்கு, அரிசி மூட்டை இளைத்தால் தூக்கம் வருவதில்லை.

1943 வங்கப் பஞ்சத்தில் நாட்டில் உணவே இல்லாததால் மக்கள் சாகவில்லை, அதை வாங்க வழியில்லாமல் போனதால்தான் செத்தார்கள் என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981-இல் காட்டினார். பசியை வெறும் வயிற்றுச் சங்கதி என்று ஒதுக்குபவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்று காலை கேஸ் கொண்டுவந்த பையனிடம் பாட்டி கேட்டார்: “பசியாறிட்டியா தம்பி?”

அவன் பதில் சொல்வதற்குள் தோசைக்கல் அடுப்பில் ஏறிவிட்டது.